வயலில் கட்டும் முன் ஈரம் பார்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளைநிலத்தில் வீடோ கிடங்கோ கட்ட நினைப்பவர்கள், முதலில் அது ஈரநிலமா என்று பார்த்துச் சொல்ல ஆள் கூப்பிடுகிறார்கள். அந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தையும் நாணல் மண்டிய மூலையையும் யாரும் தவறவிடுவதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். காய்ந்தது போலத் தெரியும் வயலில்தான் ஏமாறுகிறார்கள்.

வறண்ட மாதத்தில் குழி வெட்டித் தண்ணீரைத் தேடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மழையில்லாத மாதத்தில் வந்து இடுப்பளவு குழி வெட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை. "சரி, காய்ந்த நிலம்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குழியை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்றைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. ஈரமான மாதங்களில் நீர்மட்டம் எதுவரை ஏறுகிறது என்பதே கேள்வி. அதற்கான பதில் மண்ணின் நிறத்தில் இருக்கிறது. மண்ணுக்குச் செம்மையும் பழுப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால் வருகின்றன. மண் நீரில் ஊறிக் கிடந்தால் நுண்ணுயிரிகள் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அடுத்து இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கும். துருவாக இருந்த இரும்பு கரைந்து நீரோடு நகர்ந்துவிடும். அது விட்டுப்போன இடம் சாம்பல் நிறமாகும். நீர்மட்டம் இறங்கியதும் வேர்த் துளை, வெடிப்பு வழியாகக் காற்று நுழைகிற இடங்களில் அதே இரும்பு மறுபடி துருவாகப் படியும். சாம்பலும் துருப்புள்ளியும் கலந்த நிறம் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, ஏறத்தாழ அதுவரை தண்ணீர் வந்து போகிறது.

ஒரு கிடங்கு நினைவுக்கு வருகிறது. அறிக்கையில் நீர் தென்படவில்லை என்று இருந்தது. அஸ்திவாரமும் தரையும் போட்டாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் தரையோரம் முழுக்கக் கசிவு, கழிவுநீர்க் குழாய் எதிர்த்து வந்தது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சுவருக்குச் சற்றுத் தள்ளி வெட்டிப் பார்த்தோம். முழங்கால் ஆழம்கூட ஆகவில்லை, எடுத்த கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல். பழைய வேர் போன துளைகளைச் சுற்றி ஆரஞ்சுத் துரு குழல் போலப் படிந்திருந்தது. முதலில் வெட்டிய குழியிலும் இதே நிறம் இருந்திருக்கும். அந்த ஆள் குழியின் அடியைப் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை. கட்டும் முன் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்க வேண்டியது, கட்டி முடித்த பிறகு உரிமையாளருக்குத் தெரிந்தது.

குழியின் ஒரு பக்கத்தைச் சீவிவிட்டு, கட்டிகளைக் கையால் உடைத்துப் பாருங்கள். கத்தியால் வெட்டினால் நிறம் இழுபட்டுவிடும். மண்ணை லேசாக ஈரமாக்கி, நேரடி வெயில் வெளிச்சத்தில், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, மன்செல் நிற அட்டையோடு (மண் நிறத்துக்கு எண் கொடுக்கும் மாதிரி அட்டை) ஒப்பிடுங்கள். குரோமா, அதாவது நிறத்தின் செறிவு, 2 அல்லது அதற்குக் கீழே இருந்து, துருப்புள்ளியும் சேர்ந்தால் வலுவான அறிகுறி. வெட்டிய உடனே பார்த்துவிட வேண்டும், சில மண்கள் காற்றுப் பட்ட அரை மணிக்குள் நிறம் மாறிவிடும். உழவு அடுக்கில் கலப்பை எல்லாவற்றையும் கலந்து வைத்திருக்கும், அதனால் அதற்குக் கீழே பாருங்கள்.

களிமண்ணில் இன்னொரு சிக்கல். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினாலும் குழியில் தண்ணீர் ஊற மணிக்கணக்காகும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். குழியைச் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கிறது. நெடுங்காலத்துக்கு முன்பே நீர் வடிக்கப்பட்ட நிலத்திலும் பழைய புள்ளிகள் அப்படியே இருக்கும். புள்ளியின் விளிம்பு மங்கிக் கரைந்தாற்போல இருந்தால் இப்போதும் நீர் ஏறி இறங்குகிறது என்று கொள்ளலாம். விளிம்பு வெட்டினாற்போல இருந்தால் பழையதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் துளையிட்ட குழாயை இறக்கி, ஈரமான பருவம் முழுக்க நீர்மட்டத்தை அளந்து பாருங்கள்.

அந்தக் குழாயை மிக ஆழமாக இறக்குவது

மேல் களிமண் தட்டு தண்ணீரைத் தாங்கி நிற்கும் இடத்தில் ஆழமான குழாய் அந்தத் தட்டைத் துளைத்துவிடும். மேலே தேங்கும் நீர் அளவில் வராது. தட்டுக்கு மேலேயே நிறுத்துங்கள்.

பயிரை வைத்து முடிவு செய்வது

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 1987 கையேடு தாவரம், மண், நீர் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. உழுத வயலில் இருப்பது விதைத்த பயிர், அது தானாக முளைத்த சாட்சி அல்ல. உழாத வரப்போரம், வயல் மூலை, மின்கம்பத்தடி இங்கெல்லாம் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். மழை அதிகமான ஆண்டின் செயற்கைக்கோள் படத்தில் பயிர் வெளிறிய திட்டு தெரிந்தால், முதல் குழியை அங்கே வெட்டுங்கள்.

உரிமையாளரை மட்டும் கேட்பது

டிராக்டர் ஓட்டுபவரைக் கேளுங்கள். அது எங்கே சிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நிலத்தை மேடாக்க மண் கொட்டிய பிறகு சோதிப்பது

வேண்டாம்.

"ஈரநிலம் இல்லை" என்றால் கட்டலாம் என்று எடுத்துக்கொள்வது

இரண்டும் வேறு வேறு கேள்விகள். அதே அமெரிக்க முறையின் நீர் அளவுகோல், வளர்பருவத்தில் குறைந்தது 14 நாள் தொடர்ச்சியாக நீர்மட்டம் சுமார் 30 செ.மீ.க்குள் நிற்கிறதா என்று பார்க்கிறது, அதுவும் 10 ஆண்டில் 5 ஆண்டாவது அப்படி இருக்க வேண்டும். நீர் 60 செ.மீ.யில் நின்றால் இந்தக் கணக்கில் வராது. ஆனால் உங்கள் அஸ்திவாரமும் உறிஞ்சு குழியும் அந்த ஆழத்தில்தான் இருக்கும். அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

புதைந்த வடிகாலை மறப்பது

வயல் காய்ந்திருப்பதற்குக் காரணமே மண்ணுக்கடியில் ஓடும் வடிகால் குழாய்களாக இருக்கலாம். அஸ்திவாரக் காடி அவற்றை அறுத்தால் பழைய நீர்மட்டம் திரும்பிவிடும். மேல் வயல்களின் தண்ணீரும் அந்தக் குழாய் வழியாகவே போகிறதென்றால் அதுவும் உங்கள் மனையில் வந்து சேரும். வரைபடம் கிடைக்காவிட்டால் ஓடைக் கரையோடு நடந்து குழாய் வாய்களைத் தேடிக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கித் தோண்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கட்டிடத்துக்கு இடம் குறியுங்கள்.