நாய் உணவுக்கு இணையத்தில் தரும் நட்சத்திரங்கள்: வாசிப்பதில் நேரும் தவறுகள்

இணையக் கடையில் ஏதேனும் ஒரு நாய் உணவுப் பாக்கெட்டின் கீழே உள்ள கருத்துகளைப் பத்து நிமிடம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது மூன்று செய்திகளைத்தான்: பாக்கெட் சீக்கிரம் வந்து சேர்ந்தது, நல்ல தள்ளுபடி கிடைத்தது, எங்கள் வீட்டுச் செல்லம் தட்டை நக்கிக் காலி செய்துவிட்டது. முதல் இரண்டும் கடையைப் பற்றியவை, மூன்றாவது ருசியைப் பற்றியது. உணவில் சத்து சரியான அளவில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. வாங்கிய வாரத்திலேயே கருத்து எழுதுகிறவரால் அதற்கு விடை சொல்லவும் இயலாது, ஏனெனில் சத்துக் குறைபாடு வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

நாய் ஆவலாகத் தின்பதைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வதுதான் முதல் தவறு. வெந்து உலர்ந்த உருண்டைகளின் மேல் கொழுப்பையும், ஈரல் போன்ற உறுப்புகளைக் கரைத்துத் தயாரித்த சாற்றையும் தெளிப்பது தொழிற்சாலைகளில் வழக்கமான வேலை. அந்த ஆவல் திட்டமிட்டு வரவழைக்கப்படுவது. தெருமுனை பஜ்ஜியையும் நாம் ஆவலாகத்தான் சாப்பிடுகிறோம்.

குட்டிக்கானது, வளர்ந்த நாய்க்கானது, கோழி, ஆட்டிறைச்சி என்று பல வகைகளுக்கு வந்த கருத்துகளைக் கடைகள் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டுவதும் உண்டு. ஆகவே 4.3 என்ற சராசரி நீங்கள் வாங்கப்போகும் வகைக்கு உரியதாக இல்லாமலும் போகலாம். போலிக் கருத்துகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது கட்டாயமாக்கப்படாமல், நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றாகவே வந்தது.

கடைகளை நம்பாமல், நாய் உணவுகளுக்கென்றே மதிப்பெண் போடும் தளங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே தவறு இன்னும் நுட்பமானது. அத்தகைய தளங்கள் பெரும்பாலும் உணவை ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை, பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தே மதிப்பெண் போடுகின்றன. மூலப்பொருள் பட்டியலோ, சமைப்பதற்கு முந்தைய எடையின்படி வரிசைப்படுத்தப்படுவது. 30 கிலோ கோழி இறைச்சி, 25 கிலோ அரிசி, 20 கிலோ சோளம் சேர்த்த ஒரு கலவையில் கோழிக்குத்தான் முதலிடம். ஆனால் பச்சைக் கோழியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். உலர்ந்து உருண்டையாகும்போது அந்த 30 கிலோ சுமார் 10 கிலோவாகச் சுருங்கிவிட, அரிசியும் சோளமும் பெரிதாகக் குறையாமல் நிற்கும். ‘முதல் பொருள் இறைச்சி’ என்பதற்காகக் கூடுதல் நட்சத்திரம் தருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

புரதச் சதவீதத்திலும் இதே குழப்பம் நேர்கிறது. உலர் உணவில் 24 சதவீதம், ஈர உணவில் 9 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் முதலாவதுதான் சத்தானது என்று தோன்றும். உலர் உணவின் 10 சதவீத ஈரத்தைக் கழித்தால் அதன் புரதம் சுமார் 27 சதவீதம், ஈர உணவின் 80 சதவீத ஈரத்தைக் கழித்தால் 45 சதவீதம். ஈரத்தைக் கழிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அட்டவணையால் எந்தப் பயனும் இல்லை.

அச்சிட்ட எண்ணே ஏமாற்றக்கூடும் என்பதற்கு 2007ஆம் ஆண்டு நடந்தது சான்று. புரதத்தை ஆய்வகங்கள் பொதுவாக நைட்ரஜன் அளவைக் கொண்டே கணக்கிடுகின்றன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து அந்தக் கணக்கை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி நாய்களும் பூனைகளும் இறந்தன. மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் மட்டுமே 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அவற்றில் மலிவான பெயர்களும் விலை உயர்ந்த பெயர்களும் கலந்திருந்தன, ஏனெனில் அவை ஒரே நிறுவனத்தின் ஆலைகளில் தயாரானவை. பாக்கெட்டின் பின்புறத்தை மட்டும் படித்தவர் எவராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தானியம் சேர்க்காத உணவை உயர்ந்ததென்று கருதும் போக்கும் இப்படித்தான் பரவியது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் அறிவித்தது. தனக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது என்று 2022 இறுதியில் அதுவே சொன்னது. எனவே அந்த உணவுகள் நஞ்சு என்று நானும் சொல்லமாட்டேன். தானியத்தை நீக்கியதற்காகவே நட்சத்திரம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி.

சில பக்கங்களில் ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருக்கும். ஆஃப்கோ என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம். அது சத்து அளவுகளை வகுத்துத் தருமே தவிர, எந்த உணவையும் சோதிப்பதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை. உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் பெயரைச் சொல்லி வரும் ‘அங்கீகாரங்களும்’ அவ்வாறே. பாக்கெட்டில் பார்க்க வேண்டியது வேறு: உணவு சத்து அளவுகளின்படி வகுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறதா, அல்லது நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துச் சோதித்ததாகச் சொல்கிறதா? அந்தச் சோதனையும் பெரியதல்ல. வளர்ந்த நாய்களுக்கான உணவு என்றால் குறைந்தது 8 நாய்கள், 26 வாரங்கள். இருந்தாலும், ஒரே வாரத்தில் எழுதிய ஆயிரம் கருத்துகளைவிட அதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

யாருடைய நாய்க்கு அந்த நட்சத்திரம் என்பதைக் கேட்க மறப்பதும் கேடு தரும். கிரேட் டேன் போன்ற பெரிய இனத்துக் குட்டிக்குக் கால்சியம் மிகுந்தால் எலும்பு வளர்ச்சி கெடும். ஆகவே அதற்கான உச்ச வரம்பை ஈரம் நீக்கிய உணவில் 1.8 சதவீதமாக ஆஃப்கோ வகுத்திருக்கிறது, மற்றக் குட்டிகளுக்கு அது 2.5. பொமரேனியன் வளர்ப்பவர் மனதாரக் கொடுத்த ஐந்து நட்சத்திரம் இந்த வேறுபாட்டை அறியாது.

தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் கமிஷன் பெறுவது பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதாலேயே மதிப்பீடு பொய்யாகிவிடாது. ஆனால் ‘வாங்க’ என்ற பொத்தான் உள்ள உணவுகள் மட்டுமே முதல் பத்து இடங்களில் வந்தால், மதிப்பெண் போடும் முறையை அவர்கள் வெளியிட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும். அதற்குப் பிறகு தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். கலவையை வகுத்தவர் கால்நடைச் சத்துணவியல் படித்தவரா, உணவு சொந்த ஆலையில் தயாராகிறதா, கால்சியம் சரியாக எத்தனை சதவீதம், 100 கிராமில் எத்தனை கலோரி என்ற நான்கு கேள்விகள் போதும். வந்த பதிலை உங்கள் நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பதிலே வராவிட்டால் அதையும் சொல்லுங்கள்.