துணியில் மின்சுற்று தைப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

மேசைமேல் விரித்த சட்டையில் விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அதன் பிறகுதான் அந்தச் சட்டைக்குச் சோதனைக் காலமே. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு குனிவார், வியர்ப்பார், கழற்றிச் சுருட்டி மூலையில் போடுவார், அப்புறம் அது துவைக்கப் போகும். நான் பார்த்த மாதிரி உடுப்புகளில் பலவும் இந்த வழியில்தான் எங்கோ நின்றுபோயின. சுற்று வரைபடம் தப்பாக இருந்து நின்றவை மிகக் குறைவு.

மின்சாரம் கடத்தும் நூலைக் கம்பி என்று நினைத்துவிடுவதில்தான் பலரும் முதலில் சறுக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகக் கையில்லாத மேலங்கி ஒன்று தைத்தேன். இடுப்பில் பேட்டரி, தோளில் ஆறு சிவப்பு எல்இடி. இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று எரிந்தவை, தோளுக்குப் போனதும் மங்கிவிட்டன. கணக்குப் போட்டதும் காரணம் தெரிந்தது. மூன்று புரி ஸ்டீல் நூலுக்கு மீட்டருக்குச் சுமார் 33 ஓம் மின்தடை. இடுப்பிலிருந்து தோளுக்கு 60 செ.மீ., திரும்பி வர இன்னொரு 60. மொத்தம் ஏறக்குறைய 40 ஓம். ஆறு எல்இடிக்கும் சேர்த்து 60 மில்லி ஆம்பியர் போக வேண்டுமென்றால் 2.4 வோல்ட் நூலிலேயே கரைந்துவிடும். 3.7 வோல்ட் பேட்டரியில் மிச்சம் 1.3. சிவப்பு எல்இடி ஒழுங்காக எரிய 2 வோல்ட்டாவது வேண்டும். செம்புக் கம்பியில் கண்டுகொள்ளாமல் விடும் இந்தத் தடையை நூலில் விட முடியாது. தைப்பதற்கு முன்பே நூலின் தடையை மீட்டர் கணக்கில் அளந்துவிடுங்கள். தொடு உணர்வு, சமிக்ஞை போன்ற சன்னமான வேலைகளுக்கு நூல் போதும்; மின்சாரம் சுமக்க மெல்லிய இழைகளாலான காப்பிட்ட செம்புக் கம்பியைத் தையல் மடிப்புக்குள் ஓட்டுவது நல்லது.

உலோகம் கலந்த துணி எல்லாத் திசையிலும் மின்சாரம் கடத்தும் என்று நம்புவதும் தவறு. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் துணியில் மின்சுற்று செய்தவர்கள், பட்டு இழைமேல் உலோகத் தகட்டைச் சுற்றி நெய்த ஆர்கன்சா என்ற மெல்லிய துணியை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஜரிகையின் உறவுக்காரத் துணி அது. பாவு (நீளவாக்கு இழை) வெறும் பட்டு, ஊடையில் (குறுக்கு இழை) மட்டும் உலோகம். அதனால் ஊடையின் போக்கில் மின்சாரம் ஓடும், பாவின் போக்கில் ஓடாது. தெரிந்து பயன்படுத்தினால் அதுவே வசதி: பக்கத்துப் பக்கத்து ஊடை இழைகள் தனித்தனிக் கம்பிகள் மாதிரி ஆகிவிடும். தெரியாமல் வெட்டினால் சுற்று பாதியில் அறுந்து கிடக்கும். இன்னொன்று, இப்போது கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையில் பலவற்றுக்கு மேலே பூச்சு இருக்கும், மின்சாரம் கடத்தாது. பளபளப்பை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

வெட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். துணியை வெட்டித் தைத்த பிறகு சுற்றை எங்கே ஓட்டலாம் என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். கைக்குழியிலும் தோள் தையலிலும் இழை அறுபடும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாக இணைக்க வேண்டிவரும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் ஜெயராமன் குழு 1996இல் தொடங்கிய 'அணியும் மதர்போர்டு' ஆராய்ச்சி இந்தச் சிக்கலை நெசவிலேயே தீர்த்தது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். போர்வீரர் உடம்பில் குண்டு பாய்ந்த இடத்தை ஒளியிழை வழியாகக் கண்டுபிடிக்கும் சட்டைதான் அந்த 'மதர்போர்டு'. கைக்குழியிலும் இழை அறுபடாமல் முழு உடுப்பாகவே நெய்தார்கள். நம்மால் அப்படி நெய்ய முடியாவிட்டாலும், பேட்டர்ன் காகிதத்திலேயே சுற்றையும் வரைந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் அலைக்கழித்தது கெட்டியும் மெல்லியதும் சந்திக்கும் இடம். சர்க்யூட் போர்டு வளையாது, துணி வளைந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் இழைதான் எல்லா வளைவையும் தாங்கும். ஒருமுறை அறுந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். போர்டின் ஓட்டைக்குள் நூல் நன்றாகவே இருந்தது. ஓட்டையின் விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக நைந்து, கடைசி இரண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. இதற்கு மருந்து: போர்டின் அடியில் கெட்டித் துணி ஒட்டி, அது போர்டைத் தாண்டி விரல் அகலம் வெளியே நீளும்படி விடுவது. கெட்டி மெல்ல மெல்ல மெல்லியதாக மாற வேண்டும். போர்டை முழங்கை, அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் வைக்கவே கூடாது. கழுத்துக்குப் பின்னால், மார்பு ஓரம், மணிக்கட்டுப் பட்டை இவையெல்லாம் அதிகம் மடங்காத இடங்கள்.

பின்னலாடை என்றால் இன்னொரு எச்சரிக்கை. பனியன் துணி இழுபடும், ஸ்டீல் நூல் இழுபடாது. நேர்த்தையல் போட்டால் தலை வழியாக மாட்டும்போதே ஏதாவது ஒன்று போய்விடும். ஜிக்ஜாக் தையல் போடுங்கள். தையல் இயந்திரத்தில் கடத்தும் நூலைப் பாபினில் போட்டு, மேலே சாதா நூலை ஓட்டினால் சிக்கலும் அறுபடுவதும் குறையும். முடிச்சின் வால்களை ஒட்ட வெட்டி நகப்பூச்சு வையுங்கள். அந்த வாலிலிருந்து பிரியும் மெல்லிய இழை பக்கத்துக் கோட்டைத் தொட்டாலே ஷார்ட் சர்க்யூட்.

வியர்வையைப் பலரும் வெறும் ஈரம் என்று நினைக்கிறார்கள். அது உப்புத் தண்ணீர், மின்சாரம் கடத்தும். நேர்மின் கோடும் எதிர்மின் கோடும் மூடாமல் பக்கத்தில் ஓடினால், வியர்வை இடையே புகுந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். வெள்ளிப் பூச்சு நூலுக்கு வேறு தொல்லையும் உண்டு; காலில் போட்ட கொலுசு கறுக்கிற மாதிரி அதுவும் கறுக்கும், உரசி உரசிப் பூச்சும் தேயும். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

துவைப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய பிழை. கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017இல் 350 டாலருக்கு விற்ற, மணிக்கட்டைத் தடவிக் கைபேசியை இயக்கும் ஜாக்கார்டு ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கடத்தும் இழைகள் இடது மணிக்கட்டுப் பகுதியில் மட்டும், கழற்றக்கூடிய சின்னக் கருவி ஒன்று. அப்படியும் 10 துவைப்பு வரைதான் தாங்கும் என்று சொன்னார்கள். 2023இல் அதற்கான செயலியையும் நிறுத்திவிட்டார்கள், ஜாக்கெட் வெறும் ஜாக்கெட்டாகிவிட்டது. துணி பல வருடம் உழைக்கும் பொருள்; செயலி இல்லாமலும் அதன் அடிப்படை வேலை நடக்கும்படி வடிவமையுங்கள். ஆய்வகத்தில் ஐஎஸ்ஓ 6330 என்ற சர்வதேசத் தர முறைப்படி இயந்திரத்தில் துவைத்துச் சோதிப்பார்கள். நம் வீடுகளில் கல்லில் அடிப்பார்கள், பிரஷ் போடுவார்கள், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள், உச்சி வெயிலில் காயப்போடுவார்கள். உங்கள் உடுப்பை யார் துவைக்கப் போகிறார்களோ அவர்களிடமே கொடுத்துச் சோதியுங்கள்.

பேட்டரியைத் துணிக்குள் நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி மடங்கினாலோ ஊசி குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடும், அதுவும் உடம்பை ஒட்டி. பிரஸ் பட்டனில் மாட்டிக் கழற்றும்படி வையுங்கள். அந்தப் பட்டன்களே மின் இணைப்பாகவும் இருக்கலாம்.

இதயத் துடிப்பு பார்க்கும் சட்டை செய்கிறவர்கள் சென்சாரில் காட்டும் அக்கறையை அளவெடுப்பதில் காட்டுவதில்லை. மின்முனை தோலோடு ஒட்டி நிற்கவில்லை என்றால், கை அசைத்தாலே துடிப்பின் சமிக்ஞை வேண்டாத மின் இரைச்சலில் மூழ்கிவிடும். அங்கே நல்ல தையல்காரர் ஒருவர் உங்கள் மென்பொருளைவிட அதிகம் உதவுவார்.

அடுத்த மாதிரி தைப்பதற்கு முன், அதே துணியில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை வெட்டி, அதே நூலில் ஒரே ஒரு கோடு தையுங்கள். மின்தடையை அளந்து ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள். நூறு தடவை மடக்குங்கள், அளந்து எழுதுங்கள். துவையுங்கள், காயவையுங்கள், மறுபடியும் எழுதுங்கள். எண் எந்த இடத்தில் குதிக்கிறது என்று பாருங்கள்.