ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லையா? பழைய அம்பாசிடரில் கேபிளைச் சோதித்து மாற்றும் முறை

அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருக்கும் பலருக்கு ஸ்பீடோமீட்டர் ஓடாதது ஒரு குறையாகவே தெரிவதில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மீட்டர் ஓடுகிறதா என்று கேட்பார்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டால் ஆயில் எப்போது மாற்றினோம் என்ற கணக்கும் போய்விடும்.

புதுக் கேபிள் போடுவது சுலபமான வேலைதான். போட்ட கேபிள் கொஞ்ச நாளிலேயே மறுபடி அறுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களும் நிறையப் பேர். அறுந்ததை மாற்றியிருப்பார்கள், அறுத்தது எது என்று பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பதிவில் அதையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம்.

முதலில் மீட்டர் எப்படி ஓடுகிறது?

கியர்பாக்ஸின் பின்பகுதியில் ஒரு சின்னப் பினியன், அதாவது சிறிய பல்சக்கரம், இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும்போது அதுவும் சுற்றும். கேபிளின் இன்னர், அதாவது இரும்புக் கம்பிகளை அடுக்கடுக்காக முறுக்கிச் செய்த உள்கம்பி, அந்தச் சுழற்சியை டாஷ்போர்டு வரை கொண்டுபோகிறது. மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழலும். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழல அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில், கிண்ணத்தோடு இணைந்த முள் நிற்கும். 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை கேட்டுப் பதிவு செய்த ஏற்பாடு இது. கிலோமீட்டர் எண்களை உருட்டுவது மட்டும் காந்தத்தைச் சுழற்றும் அதே தண்டிலிருந்து பல்சக்கரம் வழியாக நடக்கிறது.

இது புரிந்துவிட்டால் சீட்டில் உட்கார்ந்தபடியே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். முள்ளும் ஓடவில்லை, கிலோமீட்டரும் ஓடவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனை கழன்றிருக்கிறது, அல்லது பினியன் பல் போயிருக்கிறது. கிலோமீட்டர் ஓடுகிறது, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கோளாறு மீட்டருக்குள். கேபிளைத் தொடவே வேண்டாம். முள் குறைந்த வேகத்தில் வெடவெடவென்று ஆடினால் கேபிள் காய்ந்திருக்கலாம், எங்காவது மடிந்திருக்கலாம். முள் சரசரவென்று மேலே ஏறி, வேகம் குறைந்தும் இறங்காமல் நின்றால் கிரீஸோ ஆயிலோ மீட்டருக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

படி 1: மேல்முனையைக் கழற்றுங்கள்

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் விளக்கு ஒயர்கள் பின்னிக் கிடக்கும். மீட்டரின் முதுகில், விரலில் சொரசொரப்பாகப் படும் வளைய நட்டு ஒன்றுதான் கேபிளைப் பிடித்திருக்கிறது. கையால் திருகினாலே கழலும். அடம்பிடித்தால் துணியைச் சுற்றித் திருகுங்கள். பிளேயரால் நசுக்கிவிட்டால் மரை போய்விடும்.

இப்போது இன்னரைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கையளவு துண்டு மட்டும் கையோடு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது, அறுந்திருக்கிறது. முழுசாக வந்தால் இரண்டு முனைகளையும் பாருங்கள். சதுர முனையின் மூலைகள் உருண்டிருந்தால் அது அறுந்ததற்குச் சமம்தான். பினியன் சுற்றும், கேபிள் சுற்றாது. வராமல் பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கீழ்முனையைக் கழற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: கியர்பாக்ஸ் சுற்றுகிறதா?

இன்னர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மீட்டர் ஓடவில்லை என்றால் இந்தச் சோதனை. இன்னரைப் பழையபடி கீழே வரை செருகி, சற்றுத் திருகி, பினியனில் உட்கார வையுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். கியர் நியூட்ரலில். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் அதை விடுவித்தாக வேண்டும். முன்னால் கட்டை வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உடன் ஒருவர் மேலே இன்னரின் முனையைப் பார்க்கட்டும். சில சுற்றுக்குள் அது திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பினியனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓட்டிச் சோதிக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். ஒரு சக்கரம் தரையில் இருக்க, கியரைப் போட்டால் வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம். அதில் கேபிள் இடது முன் சக்கரத்திலிருந்து வருகிறது. அங்கே கிரீஸ் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சதுர முனையின் கிளிப் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 3: அறுத்தது யார்?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். அறுந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கம்பிகள் முறுக்கு பிரிந்து விரிந்திருந்தால், அல்லது இறுகிக் குறுகியிருந்தால், மறுமுனையில் ஏதோ சிக்கிக்கொண்டு கேபிளை முறுக்கியிருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் மீட்டர்தான். அதன் சதுரத் துளைக்குள் பொருந்துகிற ஒரு குச்சியைச் செருகி விரலால் சுழற்றுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழவழவென்று சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் தண்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதற்கும் இளகாவிட்டால் மீட்டர் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போடுவது வீண்செலவு.

முறுக்கு ஒன்றும் இல்லை, ஒரே இடத்தில் தேய்ந்து அறுந்திருக்கிறது என்றால் அவுட்டர், அதாவது இன்னரை மூடியிருக்கும் வெளிக்குழாய், போகும் வழியைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் சர்வீஸ் புத்தகங்கள் சொல்லும் கணக்கு: எந்த வளைவும் 6 அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது, முனையிலிருந்து 2 அங்குலத்துக்குள் வளைவே கூடாது. ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், ரப்பர் வளையம் போய், தகடு உரசுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னர் முழுக்கக் கியர்பாக்ஸ் ஆயிலில் நனைந்து வந்தால் பினியனின் ஆயில் சீல் போய்விட்டது. முறுக்குக் கம்பி சுழலும்போது ஆயிலை மேலே ஏற்றிவிடும். சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

படி 4: புதுசு போடுதல்

கடைக்குப் பழைய கேபிளைத் துண்டுகளோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் முனையோ நீளமோ ஒத்துப்போகாது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம்.

வாங்கும் முன் இன்னரை உருவி, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு முனையை விரலால் உருட்டுங்கள். மறுமுனை சீராகச் சுற்ற வேண்டும். நின்று நின்று துள்ளினால் கம்பி மடிந்திருக்கிறது, வேண்டாம்.

கீழே உடைந்த துண்டு மாட்டியிருந்தால் கீழ்நட்டைக் கழற்றி நோஸ் பிளேயரால் எடுங்கள். பினியனுக்குள் ஒளிந்திருந்தால் சின்னக் காந்தம் உதவும். பிறகு இன்னருக்கு விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் கடைசி 8 அங்குலத்துக்குக் கிரீஸே கூடாது. அங்கே தடவியது எல்லாம் மீட்டருக்குள்தான் போகும்.

அவுட்டரைக் கீழே மாட்டி, இன்னரை மேலிருந்து திருகிக்கொண்டே இறக்குங்கள். பினியனில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அப்போது மேலே முனை அவுட்டரைவிட ஏறக்குறைய 3/8 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர் அளவு, நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் நீட்டினால் மீட்டரை இடிக்கும். குறைந்தால் பிடி கிடைக்காது. மேல்நட்டைக் கையால் இறுக்கினால் போதும்.

ஓட்டிப் பாருங்கள். முள் நிதானமாக ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. செல்போன் ஜி.பி.எஸ். 50 காட்டும்போது மீட்டர் 60 காட்டுகிறதே என்று கேபிளைத் திட்டாதீர்கள். கேபிள் சுழற்சியைக் கடத்தும், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. டயர் அளவு, பினியனின் பல் எண்ணிக்கை, சுருள்வில் ஆகியவற்றைப் பாருங்கள். வேறு வண்டியின் மீட்டரை யாராவது முன்பே மாட்டியிருக்கவும் கூடும்: பழைய பிரிட்டிஷ் மீட்டர்களில் டயலின் அடியில் பொடி எழுத்தில் மைலுக்கு எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கும். 1000 என்று இருந்தால், மணிக்கு 60 மைல் காட்டக் கேபிள் நிமிடத்துக்கு 1000 முறை சுற்ற வேண்டும்.