சாக்கெட்டின் அனுப்பு பஃபர் நிரம்பும்போது செய்ய வேண்டியவை

சாக்கெட் (நிரல் பிணையத்தோடு பேசும் இணைப்புமுனை) வழியே தரவை அனுப்பும் சென்ட் அழைப்பு பிழையின்றித் திரும்பிவிட்டால் தரவு எதிர்முனையைச் சேர்ந்துவிட்டது என்றுதான் தொடக்கத்தில் நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அந்த அழைப்பு, நாம் கொடுக்கும் பைட்டுகளைக் கெர்னலின் (இயக்க முறைமையின் மையப்பகுதி) அனுப்பு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) நகலெடுத்து வைப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எதிர்முனையிலிருந்து ஒப்புகை வரும்வரை, தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி அவற்றை அங்கேயே வைத்திருப்பதால், எதிர்முனையில் உள்ள நிரல் படிக்காமல் இருந்தால் முதலில் அதன் பெறு பஃபரும் பிறகு நம் அனுப்பு பஃபரும் நிரம்பிவிடும்.

முதலில் இதைக் கண்ணால் பாருங்கள். இணைப்பை ஏற்றுக்கொண்டு எதையும் படிக்காத ஒரு சர்வரை எழுதி, அதற்கு நான்-பிளாக்கிங் (இடமில்லாவிட்டால் காத்திராமல் உடனே திரும்பும்) சாக்கெட்டில் 50 எம்பி தரவை ஒரே அழைப்பில் அனுப்பிப் பாருங்கள். கேட்டதைவிட மிகக் குறைந்த ஓர் எண்ணே திரும்பி வரும். தொடர்ந்து அழைத்தால் விரைவில் −1 வரும். பிழைக்குறி ஈ-அகெய்ன் (இப்போது இடமில்லை, பிறகு முயலவும்) என்றிருக்கும். அப்போது லினக்ஸில் ‘எஸ்எஸ் -டிஎம்’ கட்டளையை இயக்கினால், சென்ட்-கியூ (இன்னும் ஒப்புகை வராத பைட்டுகளின்) எண் குறையாமல் அப்படியே நிற்பதைக் காணலாம். சாதாரண பிளாக்கிங் சாக்கெட்டாக இருந்தால் நிரலே அந்த வரியில் நின்றுவிடும்.

இரண்டாவதாக, திரும்பி வரும் எண்ணை மதியுங்கள். 10,000 பைட்டுகள் கொடுத்து 6,144 என்று பதில் வந்தால், மீதமுள்ள 3,856 பைட்டுகள் உங்கள் பொறுப்பு. அவற்றை விட்டுவிட்டால் செய்தியில் ஓட்டை விழும். முதலிலிருந்து மறுபடி அனுப்பினால் ஒரே பகுதி இருமுறை போகும். சிறிய செய்திகளை வைத்துச் சோதிக்கும்வரை இந்தப் பிழை தலைகாட்டுவதே இல்லை என்பதுதான் இதன் தொல்லை.

அடுத்து, ஈ-அகெய்ன் வந்தால் இணைப்பை மூடிவிடாதீர்கள். மீதியை வரிசையில் வைத்துவிட்டு, எழுத இடம் வந்ததும் தெரிவிக்கும்படி ஈபோலிடம் (சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் லினக்ஸ் வசதி) ஈபோல்-அவுட் நிகழ்வைக் கேளுங்கள். வரிசை காலியானவுடன் அந்தக் கோரிக்கையை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால், பஃபரில் பெரும்பாலும் இடம் இருக்கும் என்பதால், இயல்பான லெவல்-டிரிகர் முறையில் (நிலை நீடிக்கும்வரை அறிவிப்பது) ஈபோல் உடனுக்குடன் திரும்பிக்கொண்டே இருக்கும். அனுப்ப ஒன்றுமில்லாமலேயே சிபியு முழுவேகத்தில் சுழலும். எட்ஜ்-டிரிகர் (நிலை மாறும்போது மட்டும் அறிவிக்கும்) முறையிலோ ஈ-அகெய்ன் வரும்வரை எழுதித் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அறிவிப்பு வராமலே போகலாம்.

உங்கள் வரிசைக்கும் ஒரு வரம்பு வேண்டும். இல்லையெனில் மெதுவாகப் படிக்கும் ஒரே வாடிக்கையாளர் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட முடியும். மேல் வரம்பைத் தொட்டதும் மூலத்திலிருந்து படிப்பதை நிறுத்தி, கீழ் வரம்புக்கு இறங்கியபின் தொடர்வது நல்ல வழி. நேரலைத் தரவாக இருந்தால், இன்னும் அனுப்பத் தொடங்காத பழைய செய்திகளைக் கைவிடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எஸ்ஓ-எஸ்என்டிபஃப் என்ற சாக்கெட் அமைப்பு மூலம் பஃபரைப் பெரிதாக்கத் தோன்றும். அது நிரம்புவதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர, மேற்சொன்ன எதையும் தேவையற்றதாக்காது. மேலும் லினக்ஸில் அந்த மதிப்பைக் கையால் அமைத்துவிட்டால், கெர்னல் அந்தச் சாக்கெட்டின் அனுப்பு பஃபரைத் தானாகச் சரிசெய்வது நின்றுவிடும். அமைத்த மதிப்பைப் படித்துப் பார்க்கும்போது நீங்கள் கொடுத்த எண் இருமடங்காகத் திரும்பி வருவதைக் கண்டு குழம்பவும் வேண்டாம், கெர்னல் தன் கணக்குவழக்குக்காகவும் சேர்த்தே அப்படி வைத்துக்கொள்கிறது.