பழைய காரில் பல்பு எரிகிறதா எனக் காட்டும் ஒளிப்புள்ளி

எழுபதுகளின் கெடிலாக் கார்களில் முன் ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் பாடிப் பகுதி) மேல் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். 1968 முதல் 1971 வரை வந்த கோர்வெட் காரில் அவை முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் இருக்கும். வெளி விளக்குகள் எரிகின்றனவா என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இதில் மின்சாரமே கிடையாது. ஒளியைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான ஒளியிழையின் ஒரு முனை விளக்குக் கூட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். பல்பின் வெளிச்சம் முழு அக எதிரொளிப்பால், அதாவது இழையின் சுவரில் பட்டுப் பட்டு உள்பக்கமே திரும்பி, இழைக்குள்ளேயே ஓடி மறுமுனையில் புள்ளியாகத் தெரியும். ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எதுவும் நடுவில் இல்லை, பல்பின் வெளிச்சமே நேரடியாகத் தெரிகிறது. புள்ளி தெரிந்தால் பல்பு எரிகிறது. எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் புள்ளி இருண்டிருந்தால் உடனே பல்பை மாற்றிவிடாதீர்கள். முதலில் இறங்கிப்போய் விளக்கைப் பாருங்கள். அது எரிகிறது என்றால் கோளாறு இழையில்தான். விளக்குப் பக்க முனையைக் கழற்றி அதில் டார்ச் அடியுங்கள். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் இழை நன்றாக இருக்கிறது, முனை சரியாகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான். மங்கலாக இருந்தால் முனையில் அழுக்கு படிந்திருக்கலாம், பல்பின் சூட்டில் பிளாஸ்டிக் கருகியும் இருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். கருகியிருந்தால், நீளம் இடம் கொடுத்தால், புது பிளேடால் ஒரே வெட்டில் செங்குத்தாக நறுக்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், முனை நசுங்கிவிடும். அப்புறம், திரும்பப் பொருத்தும்போது இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள். மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.