ரெயில்ஸில் ஒரே வரியை மூன்று கண்ட்ரோலரில் எழுதாமல் இருக்க

ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் ஒரு சின்ன நூலக ஆப். நூல்கள், உறுப்பினர்கள், இரவல் என மூன்று கண்ட்ரோலர்கள் (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் கிளாஸ்கள், அந்த வேலையைச் செய்யும் மெத்தட்கள்தான் ஆக்‌ஷன்கள்). லாகின் செய்த ஊழியர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்று தெரிந்த பிறகுதான் மூன்றிலும் வேலையே தொடங்கும். அதைக் கண்டுபிடிக்கும் இரண்டு வரியை ஒவ்வொரு ஆக்‌ஷனிலும் ஒட்டிக்கொண்டே போனால், பிறகு ஒரு மாற்றம் வரும்போது எங்கோ ஓர் இடம் விட்டுப்போகும்.

(ரூபியின் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ரூபி மறுக்காது. கிளாஸ், மாட்யூல் பெயர்களுக்கு அது நடக்காது. அவை பெரிய எழுத்தில் தொடங்கியாக வேண்டும், தமிழில் பெரிய எழுத்து ஏது?)

படி 1: முதலில் நூல்கள் கண்ட்ரோலரில் மட்டும் செய்து பாருங்கள்.

பிஃபோர்_ஆக்‌ஷன் :கிளையை_எடு

பிரைவேட்
டெஃப் கிளையை_எடு
  @கிளை = பிராஞ்ச்.ஃபைண்ட்_பை(ஐடி: செஷன்[:கிளை_எண்])
  ரீடைரக்ட்_டு லாகின்_பாத் அன்லெஸ் @கிளை
எண்ட்

எந்த ஆக்‌ஷன் ஓடினாலும் அதற்கு முன் இது ஓடும். உள்ளே ரீடைரக்ட் (வேறு பக்கத்துக்கு அனுப்புவது) நடந்துவிட்டால் ரெயில்ஸ் அதோடு நிறுத்திக்கொள்ளும், ஆக்‌ஷனுக்குப் போகாது. பழைய பதிவுகளில் பிஃபோர்_ஃபில்டர் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதன் பழைய பெயர்தான் அது, ரெயில்ஸ் 5.1-இல் எடுத்துவிட்டார்கள்.

படி 2: சரியாக ஓடுகிறதா? சரி, இப்போது முழுவதையும் வெட்டி அப்ளிகேஷன் கண்ட்ரோலரில் ஒட்டுங்கள். மற்ற மூன்றும் அதன் வாரிசுகள் என்பதால் அவற்றில் எதுவும் எழுத வேண்டியதில்லை.

படி 3: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். லாகின் கண்ட்ரோலரும் அதே அப்ளிகேஷன் கண்ட்ரோலரின் வாரிசுதான். லாகின் பக்கத்தைத் திறந்தால் கிளை இல்லை, ஆகவே லாகின் பக்கத்துக்குப் போ. அங்கேயும் கிளை இல்லை, மறுபடி லாகின் பக்கத்துக்குப் போ. பிரவுசர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. நான் அரை மணி நேரம் குக்கியை அழித்துக்கொண்டிருந்தேன். லாகின் கண்ட்ரோலரில் சேர்க்க வேண்டியது ஒரே வரி:

ஸ்கிப்_பிஃபோர்_ஆக்‌ஷன் :கிளையை_எடு, ஒன்லி: [:நியூ, :கிரியேட்]

கிரியேட்டை மறந்தால் பக்கம் திறக்கும். ஆனால் படிவத்தை எத்தனை முறை அனுப்பினாலும் அதே பக்கத்துக்கே திரும்பி வருவீர்கள்.

படி 4: இரவலுக்கும் உறுப்பினருக்கும் அபராத விகிதம் வேண்டும், நூல்களுக்கு வேண்டாம். இதையும் அப்ளிகேஷன் கண்ட்ரோலரில் போடத் தோன்றும். போடாதீர்கள். அது வீட்டுப் பரண் மாதிரி, ஏற்றியதை யாரும் இறக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தேவையானது மட்டும் அங்கே இருக்கட்டும். சிலருக்கு மட்டும் தேவையானதைக் கன்சர்னாக (வேண்டிய கண்ட்ரோலர்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளும் மாட்யூல்) எழுதி, கண்ட்ரோலர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கன்சர்ன்ஸ் ஃபோல்டரில் வையுங்கள்:

மாட்யூல் ஃபைன்ரேட்
  எக்ஸ்டெண்ட் ஆக்டிவ்சப்போர்ட்::கன்சர்ன்

  இன்க்ளூடட் டூ
    பிஃபோர்_ஆக்‌ஷன் :அபராதத்தை_எடு
  எண்ட்

  பிரைவேட்
  டெஃப் அபராதத்தை_எடு
    @அபராதம் = @கிளை.ஃபைன்_ரேட்
  எண்ட்
எண்ட்

பிறகு தேவைப்படும் இரண்டு கண்ட்ரோலரிலும் இன்க்ளூட் ஃபைன்ரேட் என்று ஒரு வரி. நடுவில் உள்ள இன்க்ளூடட் டூ எதற்கு என்று பலர் கேட்பார்கள். பிஃபோர்_ஆக்‌ஷன் என்பது கண்ட்ரோலருக்குச் சொந்தமான மெத்தட். வெறும் மாட்யூலுக்கு அப்படி ஒன்று கிடையாது. கண்ட்ரோலருக்குள் போய்ச் சேர்ந்த பிறகு இதை ஓட்டு என்று சொல்வதுதான் அந்த பிளாக். ஃபைல் பெயரும் மாட்யூல் பெயரும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ரெயில்ஸ் அதைக் கண்டுபிடிக்காது.

@கிளை இதற்குள் எப்படி வந்தது? தாய் கிளாஸில் எழுதியது முதலில் ஓடும், வாரிசில் சேர்த்தது அப்புறம். கிளை கிடைக்காமல் ரீடைரக்ட் ஆகிவிட்டால் அபராதத்தை_எடு ஓடவே ஓடாது.

இன்னொன்று. ஒரே மெத்தடை ஒரு கண்ட்ரோலரில் இரண்டு பிஃபோர்_ஆக்‌ஷன் வரியாக, ஒன்றில் ஒன்லி: :ஷோ என்றும் அடுத்ததில் ஒன்லி: :எடிட் என்றும் எழுதினால் இரண்டும் சேராது. கடைசி வரி மட்டும் நிற்கும், ஷோவுக்கு ஓடாது, பிழைச் செய்தியும் வராது. இரண்டையும் ஒரே வரியில் [:ஷோ, :எடிட்] என்று எழுதுங்கள்.