கண்ணுக்குப் புலப்படாத குறைபாடுள்ள கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), ஆட்டிசம், மனநோய், ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) போன்றவை பார்த்தவுடன் பிறருக்குத் தெரிவதில்லை. ஆயினும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அவையும் உள்ளன. இதை அறியாமல், ‘கை கால் நன்றாக இருக்கும்போது நான் எப்படி மாற்றுத்திறனாளி?’ என்று தயங்கி, இரண்டு செமஸ்டர்களைப் பேசாமல் கடந்து, அரியர் சேர்ந்த பிறகே வாய் திறப்பதுதான் மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு. எழுதி முடித்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்க வழியில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் எந்த உரிமையும் இல்லை என்று நம்பிவிடுவது இன்னும் பெரிய இழப்பைத் தருகிறது. அந்த வரம்பு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கானது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் சட்டத்தின் 17ஆம் பிரிவு 40 என்ற எண்ணைக் குறிப்பிடவே இல்லை. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே, அலுவலகத்தில் ஒருவர் ‘உனக்குக் கிடைக்காது’ என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பிரியமான பேராசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நிம்மதி அடைவதும் போதாது. தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கு உங்களைத் தெரியாது. அந்தப் பேராசிரியரே அடுத்த செமஸ்டரில் இல்லாமல் போகலாம். மருத்துவச் சான்றுடன் முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்திருங்கள். ‘உதவி தேவை’ என்று பொதுவாக எழுதாமல், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும், மூட்டில் இரத்தக்கசிவு ஏற்படும் நாட்களுக்கு வருகைப்பதிவில் தளர்வு வேண்டும் என்று தேவையைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். விண்ணப்பிப்பது வகுப்புக்கே அறிவிப்பது ஆகாது; உடன் படிப்பவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய குறைபாடுகளில் பல, நாளுக்கு நாள் ஏறி இறங்குபவை என்பதால், ‘நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பு முடிந்தபின் தனியாகக் கேளுங்கள்.